பேரப்பிள்ளையோடு பேச்சுப் பயிற்சிக்கு வரும் பாட்டி, தாத்தாவுக்கு

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகளில், குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வருபவர் பல நேரங்களில் பாட்டியோ தாத்தாவோதான். ரெசிடென்சி சாலையில் இருக்கும் பினாங்கு மருத்துவமனைக்கு கிராப்பிலோ பஸ்ஸிலோ வந்து, எண் எடுத்துக் காத்திருந்து, பயிற்சி அறையின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து வீட்டில் போய்ச் சொல்பவரும் அவரே. இந்தக் கையேடு அவருக்காக எழுதப்பட்டது.

குழந்தையைப் பேச வைக்கும் பயிற்சிகள் இதில் இல்லை. அவற்றை உங்கள் பயிற்சியாளர் நேரில் காட்டுவார். அந்த அறையில் எது முறை, எது முறையல்ல, நீங்கள் எதைத் தயங்காமல் கேட்கலாம், குழந்தையைப் பற்றி எதை யாரிடம் பேசலாம் என்பவைதான் இங்கே இருக்கின்றன. இவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பிள்ளை தொடர்ந்து பயிற்சிக்கு வருவதும், பாதியில் நின்றுபோவதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

முதலில் பயிற்சியாளர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மலாயில் 'ஜூருபுலிஹ் பெர்துத்துரான்' என்று அழைக்கப்படும் இவர்கள், இந்தத் துறையில் பட்டம் படித்தவர்கள். நம் நாட்டில் இதற்கான பட்டப்படிப்பு 1995-இல்தான் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதனால் உங்கள் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் இப்படி ஒருவரைப் பார்த்த நினைவு உங்களுக்கு இல்லாததில் வியப்பில்லை. 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டப்படி, 2020 ஜூலை 1 முதல், பேச்சுப் பயிற்சியாளர் உட்பட 23 துணை மருத்துவத் தொழில்களைச் சேர்ந்தவர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். தனியார் மையத்துக்குப் போனால், "நீங்கள் பதிவு பெற்றவரா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாகத் தொழில் செய்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார். "மூன்றே மாதத்தில் பேச வைத்துவிடுவோம்" என்று உறுதி கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள். குழந்தையின் பேச்சுக்கு அப்படி நாள் குறிக்க யாராலும் முடியாது.

தமிழை நிறுத்த வேண்டுமா?

பாட்டிமாரை அதிகம் வருத்தும் கேள்வி இதுதான். "வீட்டில் மூன்று மொழி பேசுவதால்தான் பிள்ளை குழம்பிவிட்டான். இனிமேல் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாலர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம், சில வேளை மருத்துவத் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அன்றிலிருந்து ஆங்கிலம் அதிகம் தெரியாத பாட்டி, பேரனிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். பேச்சு குறைவாக உள்ள குழந்தையிடம் வீட்டில் அதிகம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டால் குழந்தைக்கு எப்படி நன்மை வரும்?

பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. பேச்சில் உண்மையிலேயே சிரமம் உள்ள குழந்தைகளாலும் இரண்டு மொழிகளைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தைக்குத் தேவை நிறைந்த, இயல்பான பேச்சு. உங்களுக்கு எந்த மொழி சரளமோ, எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் கோபிக்கவும் வருமோ, அந்த மொழியில்தான் அதை உங்களால் கொடுக்க முடியும். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் இது. இங்கே வீட்டில் தமிழ் பேசுவது ஒரு நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்டால், "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடைசியில் எந்த மொழி என்று முடிவு செய்ய வேண்டியது குடும்பம்தான்.

பயிற்சியாளர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று கணக்கெடுக்கும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் 15 சொல் மட்டுமே சொல்லும் பிள்ளை, தமிழில் 25 சொல்லும் மலாயில் 10 சொல்லும் சொன்னால் அவன் 50-ஐத் தொட்டுவிட்டான். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் அவன் மிகவும் பின்தங்கியவனாகத் தெரிவான். "பாட்டி, மிலோ நாக்" என்பதும் இரண்டு மொழி கலந்த ஒரு நல்ல வாக்கியம். பினாங்கில் பெரியவர்களே அப்படித்தானே பேசுகிறோம்!

உச்சரிப்பிலும் இதே கவனம் வேண்டும். 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்றோ 'வாயப்பயம்' என்றோ சொல்லும் வீடுகள் உண்டு. மின்விசிறியை 'பேன்' என்று சொல்லும் தாத்தாவிடம் வளரும் குழந்தை 'ஃபேன்' என்று சொல்லாது. இவை நாம் பேசும் வழக்கு. இவற்றைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவராக இதைக் கண்டுபிடிக்க முடியாது. "எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, பிள்ளைக்குத் தேவையில்லாத பல மாதப் பயிற்சியை மிச்சப்படுத்தக்கூடும்.

யார் மொழிபெயர்ப்பது?

தமிழ் பேசும் பயிற்சியாளர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அப்போது பேச்சு மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும், இடையில் யாராவது மொழிபெயர்ப்பார்கள். அந்த வேலையை குழந்தையின் அக்காவிடமோ அண்ணனிடமோ கொடுக்க வேண்டாம். பத்து வயதுப் பெண், தன் தம்பியைப் பற்றி டாக்டர் சொல்லும் கவலையான செய்தியைக் கேட்டு, அதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வது அவள் வயதுக்கு மீறிய சுமை. அவள் பயந்துபோய்ப் பாதியை விழுங்கிவிடவும் கூடும். தமிழ் தெரிந்த தாதியோ வேறு ஊழியரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்த நேரத்தில் பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ தொலைபேசியில் இணைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மலாயில் 'லம்பாட் பெர்ச்சாகாப்' என்று சொல்வார்கள். பேச்சு வரத் தாமதமாகிறது என்பது மட்டுமே அதன் பொருள். இதை அவசரத்தில் "பையன் மந்தமாம்" என்று தமிழாக்கிவிடுகிறார்கள். 'மந்தம்' என்றால் நம் காதில் அறிவு குறைவு என்று விழும். ஒரே ஒரு சொல் மாறியதால், வீட்டில் அந்தக் குழந்தையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். 'பேச்சுத் தாமதம்' என்று சொல்லுங்கள். 'ஊமை' என்ற சொல்லை விளையாட்டுக்கும் பயன்படுத்த வேண்டாம். குழந்தைக்குப் பேசத்தான் சிரமம், காதில் எல்லாம் விழுகிறது.

பெயர் வைப்பதால் என்ன ஆகும்?

இதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரின் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு சோதனை நடந்தது. அதை நடத்தச் சொன்னவர் அயோவா பல்கலைக்கழகத்தின் வென்டெல் ஜான்சன். பேச்சுத் துறையில் பெரிய பெயர் எடுத்தவர், தாமே திக்கிப் பேசியவர். சிறு பிள்ளைகளின் சாதாரணத் தடுமாற்றத்தைப் பெரியவர்கள் 'திக்கு' என்று பெயரிட்டுக் கண்டிப்பதால்தான் திக்குவாய் வருகிறதோ என்று அவர் எண்ணினார். அதைச் சோதிக்க மேரி டியூடர் என்ற மாணவி அனுப்பப்பட்டார். சோதனையில் 22 பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 பேரிடம், "உனக்குத் திக்குவாய் வரும் அடையாளம் தெரிகிறது, கவனமாகப் பேசு, சரியாகப் பேச வராவிட்டால் பேசாதே" என்ற பொருளில் மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. இல்லத்தின் ஊழியர்களும் அதை நம்ப வைக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு இது ஒரு சோதனை என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகள் நிரந்தரத் திக்குவாய்க்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பின்னால் அந்தப் பதிவுகளைப் படித்துப் பார்த்த ஆய்வாளர்களும் அப்படி ஆனதாகக் காணவில்லை. ஆனால் அவர்கள் பேசக் கூச்சப்பட்டார்கள், பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், படிப்பிலும் ஒதுங்கினார்கள். 2001-இல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களும், இறந்துபோனவர்களின் குடும்பத்தாரும் தொடுத்த வழக்கில் 2007-இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஜான்சன் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. திக்குவாய்க்கு வழி கண்டுபிடிக்கவே செய்தார். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது, யாருக்காக எதைச் செய்கிறோம் என்று பெற்றவரிடமும் பிள்ளையிடமும் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது இன்று இத்துறையில் கண்டிப்பான விதி. உங்கள் பேரப்பிள்ளையை ஏதாவது ஆய்வில் சேர்க்க விரும்பினால் எழுத்தில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அதற்காகப் பயிற்சியைக் குறைக்கக் கூடாது.

வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பல குழந்தைகள் "நா... நா... நான்" என்று தடுமாறுவது உண்டு. பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். "மெதுவாகச் சொல்", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்" என்று திருத்துவதைவிட, முகத்தைப் பார்த்து அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அதற்காக அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்பதும் இல்லை. குழந்தையே "எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது பாட்டி" என்று வருந்தினால், "ஆமாம் கண்ணு, சில நேரம் அப்படி ஆகும், நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லலாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ, பிள்ளை பேசவே பயந்தாலோ காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

குழந்தை வேண்டாம் என்றால்

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. மூன்று வயதுக் குழந்தை கருத்தை வாயால் சொல்லாது. முகத்தைத் திருப்பும், மேசையை விட்டு இறங்கும், உங்கள் சேலை முந்தானையில் ஒளிந்துகொள்ளும். அதுவும் ஒரு பதில்தான்.

இங்கே பெரியவர்களுக்குச் சங்கடம் வரும். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், டீச்சர் கேட்கிறாங்க, சொல்லு!" என்று தொடையில் தட்டத் தோன்றும். வேண்டாம். அழும் குழந்தையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல் வரவழைக்க முடியாது. அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததுமே அது அழும். நல்ல பயிற்சியாளர் விளையாட்டை மாற்றுவார், அன்றைய நேரத்தைக் குறைப்பார். அதை அவர் வேலை செய்யாமல் நேரத்தை ஓட்டுவதாக நினைக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து காரை உருட்டுவதுதான் பல நாட்களில் அவருடைய வேலை. மாறாக, பிள்ளையைத் திட்டுவதையோ, பசியோடு வைத்துப் பிஸ்கட்டைக் காட்டி மறைப்பதையோ நீங்கள் பார்த்தால், "இது ஏன்?" என்று கேளுங்கள். பதில் சரியாகப் படவில்லை என்றால் துறைத் தலைவரிடமோ மருத்துவமனையின் பொதுத்தொடர்பு பிரிவிடமோ சொல்லலாம். அதனால் உங்கள் பிள்ளையின் முறை பறிபோகக் கூடாது.

முடிவுகளில் கையெழுத்திடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள்தான் வளர்க்கிறீர்கள் என்றாலும், சட்டப்படிப் பாதுகாவலர் பெற்றோர். முதல் வருகைக்கு அவர்களில் ஒருவர் வருவது நல்லது. புரியாத படிவத்தில் "பரவாயில்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள். மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயு கார்டு, பற்றிப் பேச்சு வந்தாலும் அப்படியே. பேச்சுக் குறைபாடு அதில் உள்ள ஏழு பிரிவுகளில் ஒன்று. பதிவது கட்டாயமில்லை, சில உதவிகளைப் பெற அது தேவைப்படும். "நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வருமே" என்ற உங்கள் கவலை புரிகிறது. அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கவலைக்காகச் செய்தியையே அவர்களிடம் மறைப்பது குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுப்பதாகும்.

வெளியே போகாத பேச்சு

அறையில் பேசுவது அறையோடு நிற்க வேண்டும். சௌராஸ்தா மார்க்கெட்டிலோ, தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலோ பயிற்சியாளரைப் பார்க்கிறீர்கள், அவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். கர்வம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் யார், எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பக்கத்தில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் செய்கிறார். பயிற்சியைப் படம் பிடிக்க வேண்டுமானால் அவர் உங்களிடம் அனுமதி கேட்பார், எதற்காக என்றும் சொல்ல வேண்டும்.

நம் பக்கம்தான் கொஞ்சம் தளர்வு. பேரன் முதன்முதலாக 'தாத்தா' என்று சொன்ன வீடியோவை வாட்ஸ்அப்பில் 60 பேர் உள்ள குடும்பக் குழுவுக்கு அனுப்பும் ஆசை நியாயமானது. ஆனால் அந்த வீடியோ எங்கெங்கோ போகும். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது யாரோ எடுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவனுடைய அம்மா அப்பாவுக்கு அனுப்புங்கள், பயிற்சியாளரிடம் காட்டுங்கள், அதோடு போதும். காத்திருக்கும் இடத்தில் பின்னால் விளையாடிக்கொண்டிருக்கும் வேறு பிள்ளைகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "உங்க பேத்திக்கு என்ன?" என்று அடுத்த நாற்காலிக்காரர் கேட்டால், "பேச்சுப் பழக வந்திருக்கோம்" என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

சொல்லத் தயங்குவது

வீட்டில் செய்து பார்த்த வைத்தியத்தைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். பேச்சு வர வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதைச் சொன்னால் ஏசுவார்களோ என்ற பயம். ஏசக் கூடாது, அது அவர்கள் கடமை. நீங்களும் மறைக்கக் கூடாது. வசம்பில் உடலுக்குக் கேடு செய்யும் பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. குழந்தைக்குக் கொடுத்தால் வாந்தி வரலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தடவுவதும் ஆபத்து. நாக்கில் எதைத் தடவினாலும் பேச்சு வந்துவிடாது. முதலில் பார்க்க வேண்டியது காது. செவிப் பரிசோதனை செய்யாமல் யாராவது நேராகப் பயிற்சியைத் தொடங்கினால், "காது பார்க்க வேண்டாமா?" என்று கேளுங்கள்.

கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்யவில்லை என்றாலும் அப்படியே சொல்லிவிடுங்கள். "செய்தோம்" என்று சொன்னால், செய்தும் பலன் இல்லை என்று பயிற்சியாளர் தவறாகக் கணக்குப் போடுவார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார உங்களால் முடியாது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்படி அவர் மாற்றித் தருவார்.

தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தால் சிலர் வாங்கத் தயங்குவார்கள். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்குவதற்கு 1993-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. பணமோ ஆங்பாவோ கொடுக்கவே வேண்டாம். கொடுக்காதவரின் பிள்ளைக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும் அல்லவா?

அடுத்த முறை வரும்போது ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். இந்த வாரம் பேரப்பிள்ளை வாயிலிருந்து வந்த சொற்களை, எந்த மொழியாக இருந்தாலும், அது சொன்னபடியே தமிழில் எழுதி வையுங்கள். 'தண்ணி'யை 'தன்னி' என்றால் 'தன்னி' என்றே எழுதுங்கள். பக்கத்தில், யாரிடம், எதைக் காட்டிச் சொன்னது என்றும் குறியுங்கள். எழுதக் கண் தெரியவில்லை என்றால், இரவு மகளிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். தமிழ் தெரியாத பயிற்சியாளருக்கு அந்த நோட்டை நீங்களே படித்துக் காட்டுங்கள்.